இருபது நிமிடக் கூத்து

கலை யாருக்காக என்னும் வினாவைப் பல்கலைக்கழக நாட்களில் நாங்கள் பல இரவுகள் விவாதித்ததுண்டு. விடுதி மாடியில், தேநீர் ஆறிப்போவதையும் மறந்து, மேல்நாட்டு அறிஞர் பெயர்களைச் சரமாரியாகப் பொழிந்து நாங்கள் ‘தீர்த்து’ வைத்த வினா அது. பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதே வினா, ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரல் என்னும் வடிவில், திருத்தவேண்டிய விடைத்தாட் கட்டுகளுக்கு நடுவே என் மேசைமீது வந்து அமரும் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன்.

கொண்டுவந்தவள் என் பழைய மாணவி. உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள்; இப்போது அத்தொழிற்சாலையில் நலன்புரி உத்தியோகத்தர். தொழிற்சாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. 2009இல் போர் ஓய்ந்த பின்னர் எங்கள் மாவட்டத்தில் எழுந்தவற்றுள் ஒன்று. ‘கார்மென்ட்’ என்றால் எங்களூரார் அறிவர்.

“சேர், பத்தாவது வருட விழா. வெளிநாட்டுக் கொள்வனவாளர்களும் வருகிறார்கள். கலாசார நிகழ்ச்சி ஒன்று தெரிவு செய்து தரவேண்டும். உங்களைவிட இதற்கு யாரிடம் போவது?” என்றாள்.

புகழ்ச்சிக்கு ஆசிரியர்கள் எளிதில் இரையாவர். நானும் இரையானேன்.

நிரலை வாங்கிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு விருந்தினர் வருகை, வாசலில் மேளம். மூன்றேகாலுக்குக் கலாசார நிகழ்ச்சி, இருபது நிமிடம். அதன் எதிரே ஒரு கேள்விக்குறி. ஆறு மணிக்குமேல் கொழும்பிலிருந்து வரும் இசைக்குழு, வண்ண விளக்கு, இரவு பத்து மணிவரை ஆட்டமும் பாட்டும். இசைக்குழுவுக்கு ஒதுக்கிய தொகை ஏழு இலட்சம் ரூபாய். கேள்விக்குறிக்கு ஒதுக்கியது முப்பத்தையாயிரம்.

மட்டக்களப்பின் நிலத்தை அறியாத வாசகருக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. கடலோரம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால், சூரியன் படும் திசையில், வயலும் காடும் நிறைந்த படுவான்கரை. பாடசாலைகளும் கந்தோர்களும் கடைத்தெருவும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் வறுமையும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, ‘பாதை’ என்று நாங்கள் வழங்கும் மிதவையிலேயே அத்துறையைக் கடந்தார்கள். இன்று விடியற்காலையில் அப்பாலத்தில் நின்று பார்ப்பவருக்குத் தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி ஓடுவது தெரியும். யன்னலோரம் தலைசாய்த்து உறங்குவோர் அனைவரும் இளம் பெண்கள். பாலம் முதலில் கடத்தியது அவர்களுடைய உழைப்பைத்தான்.

அதே படுவான்கரைதான் கூத்தின் தாய்வீடும். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்தும் ஈழத்தில் இத்தனை செழிப்பாக நிலைத்த இடம் வேறில்லை. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளை ஆடும். ஆட்டம் வேகமும் வீறும் கொண்டது. தென்மோடி இசையை நீட்டிச் சுவைப்பது. கோயில் வெளியிலோ வயலோரத்திலோ மண்ணை வட்டமாக உயர்த்தி, கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி அமைக்கும் வட்டக்களரியில் இரவு தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். ஆகவே ஆடுபவன் நாற்புறமும் திரும்பி ஆடவேண்டும். வட்டக்களரிக்கு முன்வரிசை என்று ஒன்று கிடையாது.

எனக்கு முன்னால் வேறு தெரிவுகளும் இருந்தன. வசந்தன் இருந்தது. சிறுவர்கள் கோல் ஏந்தி வட்டமாக ஆடுவது. ஒவ்வொரு பாட்டும் சில நிமிடங்களில் முடிவது. தி. சதாசிவ ஐயர் 1940இல் அப்பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். அதனோடு எங்கள் முஸ்லிம் அயலவரின் களிகம்பையும் சேர்க்கலாம், அதுவும் கோலாட்டமே. அத்தொழிற்சாலையிலே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அருகருகே அமர்ந்து தைக்கிறார்கள். இரு கோலாட்டங்களும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வந்திருந்தால் எத்துணைப் பொருத்தம்! இருபது நிமிடத்துக்கும் எவ்விதச் சிதைவுமின்றி அடங்கியிருக்கும். இப்பொழுது நினைக்கையில் அதுவே சரியான தெரிவு என்று படுகிறது. ஆயினும் நான் கூத்தையே தெரிந்தேன். பல்கலைக்கழகத்தில் கூத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவனல்லவா? மேலும், கொழும்பு இசைக்குழுவுக்கு எதிராக ஒரு கர்ணனை நிறுத்தவேண்டும் என்ற வீம்பும் எனக்குள் இருந்தது.

அந்த வீம்பு நியாயமானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்விசைக்குழு வாசிக்கப்போகும் பைலா எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயர் வழிவந்த கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தை இன்றும் தங்கள் கலியாண வீடுகளில் ஆடும் பறங்கி மக்கள் எங்கள் வாவிக்கரையிலேயே வாழ்கிறார்கள். அவர்களுள் முதியோர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் பேசுகிறார்கள். தச்சராகவும் கம்மியராகவும் உழைத்த மக்கள் அவர்கள். பகல் முழுவதும் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருந்த கால்கள் இரவிலே ஆட விரும்பினால், அதைக் குறைகூற எந்தப் பண்டிதனுக்கும் உரிமையில்லை.

வாசலில் மேளம் என்ற விடயத்தை விரைவில் முடித்துவிடுகிறேன், விரைவில் முடிந்த விடயமாதலால். பறைமேளம் வேண்டுமென்றார்கள். எங்கள் மாவட்டத்துப் பறைமேளம் பறையும் சொர்ணாளியும் சேர்ந்தது. அதற்கென்று கூத்தும் உண்டு. அதைப் பயின்றவர்களைச் சாவீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் ஊழியம் செய்யக் கட்டிவைத்திருந்தது எங்கள் சமுதாயம். அக்கலைஞருள் மூத்தவர் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: “வாசலில நிண்டு அடிக்க மாட்டம் சேர். மேடையில இடம் எண்டா வாறம்.” நிருவாகம் மேடையில் இடமில்லை என்றது, வேறெங்கோ ஒரு பாண்ட் வாத்தியக் குழுவை அமர்த்திக்கொண்டது. அம்முதியவர் முன்னே நின்றபோது, அவரிடம் அப்படியொரு கேள்வியைக் கொண்டுபோனதற்காக நான் வெட்கினேன்.

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவியாரைக் காண மண்முனைப் பாலம் கடந்து போனேன்.

பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடந்தன. அறுபது கடந்தவர் அவர். பகலில் வயல் வேலையும் கூரை வேய்தலும், இரவில் மத்தளம். அவரிடம் ஆடுபவர்களும் அத்தகையோரே. ஒருவர் மேசன், ஒருவர் மீனவர், ஒருவர் மாடு மேய்ப்பவர், ஓர் இளைஞன் ஓட்டோ ஓட்டுபவன். கூத்துப் பழகும் முறையை நான் ஏட்டில் படித்திருந்தேன். அவர் திண்ணையில் இருந்துதான் விளங்கிக்கொண்டேன். முதலில் ஊர்கூடிச் சட்டம் கொடுப்பது: இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுத்தல். பின்னர் மாதக்கணக்காக இரவிரவாகப் பழக்கம். கால் பதிந்தபின் சதங்கை அணிதல். அதன்பின் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். ஊரே ஆட்டக்காரன், ஊரே பார்ப்போன், ஆட்டக்காரனுக்கு உடுப்பும் சோறும் கொடுப்பதும் ஊரே.

“எந்தக் கூத்து தம்பி கேக்கிறாங்க?”

“பதினேழாம் போர் ஆடலாம் என்று நினைத்தேன், ஐயா.”

“நல்லது. எத்தனை மணிக்குக் களரி தொடங்கும்?”

“மூன்றேகாலுக்கு. இருபது நிமிடம்.”

அவர் சிரிக்கவில்லை; சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். “கர்ணன்ட வரவுக்கே காணாதே” என்று மட்டும் சொன்னார். சிறிது நேரங்கழித்து, “சண்டையை மட்டும் காட்டலாம். ஏன் சண்டை வந்ததெண்டு காட்ட ஏலாது. குந்தி வந்து கேக்கிறது இல்லாமல் கர்ணன் ஆரு?” என்றார்.

நான் எனக்குத் தெரிந்த வரலாற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அதன்பின் ‘இராவணேசன்’ முதலியன அவ்வாறு அமைந்தவையே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1956இல், சரச்சந்திர ‘மனமே’யைச் சிங்கள மேடைக்குத் தந்தபோது அவர் தேடிச்சென்ற நாடகம என்னும் வடிவமும் எங்கள் கூத்தோடு உறவுடையதே. ‘இராவணேசன்’ நாடகத்தில் மாணவராய் இராவணன் வேடமேற்ற எங்கள் மாவட்டத்தவரான சி. மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ எழுதி, சாதியையும் வர்க்கத்தையும் அரக்கராக்கி, உழைப்பாளரை அவற்றோடு பொருதவிட்டார். ஆகவே சுருக்குவது பாவமன்று என்று வாதித்தேன்.

அண்ணாவியார் பொறுமையாகக் கேட்டார். “அவையள் சுருக்கினது சொல்ல வேண்டினதைச் சொல்லத்தானே?” என்றார். “நாங்க என்ன சொல்லப் போறம்?”

எனக்கு விடை கிட்டவில்லை. விடை கிட்டாதபோது ஆசிரியர்கள் செய்வதையே நானும் செய்தேன், பேச்சை மாற்றினேன். முப்பத்தையாயிரம் பற்றிச் சொன்னேன். மத்தளம், சல்லரி, பிற்பாட்டு, ஆட்டக்காரர் என்று பதினான்கு பேர். தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மேசனின் ஒருநாட் கூலிக்கும் குறைவு; அதிலும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். ஆயினும் கரப்புடுப்பு இரண்டு கிழிந்திருந்தது. புதிதாகச் செய்யப் பணம் வேண்டியிருந்தது. அவர் எழுந்துபோய்க் கூத்துக் கொப்பியை எடுத்துவந்து, எதை வெட்டலாம் என்று புரட்டத் தொடங்கினார். அப்பொழுது, தலை நிமிராமலே, ஒன்று கேட்டார்.

“என்ட மகளும் அங்கதானே தைக்கிறாள். பிள்ளையள் எல்லாம் பாக்கலாம்தானே?”

“பார்க்கலாம்” என்றேன். அன்று நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போனபோதுதான் நிகழ்ச்சி நிரலைச் சரியாக வாசிக்காதது புரிந்தது. மூன்றேகால் மணி வேலை நேரம். கூத்து விருந்தினருக்கு; இசைக்குழு தொழிலாளருக்கு. நிரலை வகுத்தவர்களுக்கு அதில் எவ்விதக் கரவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளருக்குப் பிடித்தது பாட்டும் ஆட்டமும், வெளிநாட்டாருக்குப் பிடித்தது பழமை என்று அவர்கள் நேர்மையாகவே எண்ணினர். எவளுக்கு எது பிடிக்கும் என்று எவளையும் கேட்கவில்லை, அவ்வளவே. நானும் கேட்கவில்லை.

முகாமையாளர் பண்பான மனிதர். எனக்குத் தேநீர் தந்தார். எல்லாத் தொழிலாளரையும் இருபது நிமிடம் வெளியே விடவேண்டும் என்று நான் சொன்னதும், கணிப்பொறியை எடுத்து, ஒரு லைன் இருபது நிமிடம் நின்றால் எத்தனை உருப்படி குறையும், கப்பலுக்கு எப்போது ஏற்றவேண்டும் என்று கணக்குக் காட்டினார். நான் கலையைப் பற்றிப் பேசினேன். அவர் ‘டார்கெட்’ பற்றிப் பேசினார். மேடையை மாலைக்கு மாற்றலாமே என்றேன். விருந்தினர் நான்கரைக்குப் புறப்பட்டுவிடுவர் என்றார். முடிவில் இரண்டு லைன்களிலிருந்து எண்பது பெண்களை விடுவதற்கு இணங்கினார். படங்களில் நாற்காலிகள் வெறுமையாய்த் தெரியக்கூடாது என்று என் மாணவி சாதுரியமாக எடுத்துச் சொன்னதே அந்த இணக்கத்துக்குக் காரணம், என் சொற்பொழிவன்று.

1880களில் ஹம்பர்க் நகர விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளையும் ஆடலரையும் சேர்த்துக் கப்பலேற்றி, ஐரோப்பிய நகரங்களிலே காட்சிக்கு வைத்தார். அக்காட்சியைக் கண்டு வியந்தவர்கள் ஆடலைத்தான் கண்டார்களா என்று வகுப்பில் மாணவரைக் கேட்டிருக்கிறேன். இன்று கப்பலேற்றும் செலவும் இல்லை, பார்ப்பவர்களே வந்துபோகிறார்கள்.

விடப்பட்ட இரண்டு லைன்களுள் அண்ணாவியாரின் மகள் இருக்கும் லைன் இல்லை. இது எனக்கு விழாவுக்கு ஐந்து நாட்கள் முன்பே தெரியும். சொன்னால் அவர் வரமாட்டார் என்று அஞ்சினேன்; வராவிட்டால் என் மாணவிக்கு அவப்பெயர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பெயர் நிகழ்ச்சித் தாளில் ‘பண்பாட்டு ஆலோசகர்’ என்று அச்சாகியிருந்ததையும் நான் மறந்திருக்கவில்லை. அண்ணாவியாருக்குச் சொல்லவில்லை.

விழா நாளன்று அவர்கள் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். உடுத்துவதற்குச் சாமான் களஞ்சியத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். மேடை உயரமான பலகை மேடை. முன்புறம் மட்டுமே பார்வையாளர். நாற்புறமும் திரும்பிப் பழகிய கர்ணன் ஒருமுறை பின்புறம் திரும்பியபோது, அங்கே தொங்கிய நிறுவனப் பதாகையைப் பார்த்துச் சற்றுத் தடுமாறினான். முன்வரிசையில் விருந்தினர், பின்னால் நீலத் தொப்பி அணிந்த எண்பது பெண்கள். மத்தளத்தைக் கட்டிக்கொண்டு மேடையேறிய அண்ணாவியார், முதல் தட்டுக்கு முன்னர், அத்தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் படிப்பவன்போல் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் குறைவின்றி நடந்தது. கருணையினாலன்று, தொழிலின் மேலிருந்த மரியாதையினால் அவர்கள் ஆடினார்கள். குந்தியை அண்ணாவியார் விடவில்லை. போரை இரண்டு நிமிடமாக்கி, தாயும் மகனும் பேசுவதற்கே பன்னிரண்டு நிமிடத்தைக் கொடுத்திருந்தார். சண்டையை எதிர்பார்த்திருந்த அறிவிப்பாளர் இருமுறை கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். பின்வரிசையிலே பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். விருந்தினருள் ஒரு மூதாட்டி முடிந்தபின் மேடையருகே வந்து, மத்தளத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையால் கேட்டு, தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் பொய் இல்லை. பின்னர் படமெடுத்தார்கள். மூன்று நாற்பதுக்கு எண்பது பெண்களும் வரிசையாக உள்ளே போனார்கள்.

அண்ணாவியார் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. வேனில் ஏறும்போது, “தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி” என்றார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த அளவில்தான் அன்று என் நேர்மை நின்றது.

அவர் மகள் கூத்தைக் காணவில்லையே தவிரக் கேட்டிருக்கிறாள். ஒலிபெருக்கி இயந்திர ஓசையையும் மீறி உள்ளே வந்ததாம். அன்றிரவு, இசைக்குழுவின் பாட்டுக்குத் தோழிகளோடு ஆடிக் களைத்து, கடைசிப் பஸ்ஸில் வீடு திரும்பியவள், தகப்பனிடம் கேட்டது இதுதான்: “குந்தி போற இடத்தில தாளத்தை ஏன் கெதியாக்கினீங்க?” நேரம் முடிகிறது என்று அறிவிப்பாளர் கைகாட்டியதைச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒருநாள் நான் போயிருந்தபோது அவளே இதைச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் கூத்திலே பெண் வேடத்தையும் ஆண்களே ஆடுவது வழக்கம். பெண்கள் ஆடும் களரிகள் இப்போதுதான் ஆங்காங்கே தோன்றுகின்றன. பிறந்தது முதல் தாளக்கட்டு அனைத்தையும் காதால் அறிந்த அவள் காலில் இதுவரை சதங்கை ஏறியதில்லை. தந்தையிடம் இதைப் பற்றிப் பேசினேன். “ஊர் என்ன சொல்லும்” என்றார். முதலாளியிடம் கேட்கத் துணிந்த கேள்வியை ஊரிடம் கேட்க எனக்கும் இன்னும் துணிவு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பணம் ஐம்பது நாட்களின் பின், நான் மூன்றாம் முறை கந்தோருக்குப் போனபோது, என் பெயரில் காசோலையாக வந்தது. கொழும்பு இசைக்குழுவுக்கு முற்பணமாகப் பாதியும் அன்றிரவே மீதியும் கொடுத்தார்கள் என்று என் மாணவி தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த எண்பது பேரையும் வெளியே கொண்டுவந்தவள் அவளே.

இந்த வருடமும் அவளிடமிருந்து கடிதம் வந்தது. இம்முறை விரிவாகப் பதிலெழுதினேன். கூத்து வேண்டுமாயின் மாலையில், தொழிலாளர் அனைவர் முன்னிலையிலும், தரையில் வட்டக்களரி அமைத்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். கூலி ஆளுக்கு ஒரு மேசனின் இருநாட் கூலி, பாதி முற்பணமாக. அது முடியாதெனில் வசந்தனும் களிகம்பும். எதுவாயினும் முதலில் பெண்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, அவர்கள் காண விரும்புவது எது என்று எழுதி வாங்கும்படியும் கேட்டிருக்கிறேன். எல்லோரும் பைலாவே என்று எழுதினால் பைலாவே நடக்கட்டும். பதில் இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் படுவான்கரையில் இவ்வாண்டுக்குச் சட்டம் கொடுத்தாயிற்று. புதிய கரப்புடுப்பு இரண்டும் தயார். அரங்கேற்றத்தை ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வைப்பதாகப் பேச்சு. எந்தச் சனிக்கிழமை என்பதை மட்டும் அண்ணாவியார் இன்னும் அறிவிக்கவில்லை. ‘கார்மென்ட்’டில் எந்த வாரம் ஓவர்டைம் இல்லை என்று மகள் கேட்டு வருவதற்காகக் காத்திருக்கிறார்.